தெராமேயின் இரண்டு வாய்

பாயா மெங்குவாங் கிராமத்தில் வாய் நிறையப் பல் வைத்திருந்த ஒரே கிழவன் தெராமேதான். மற்றவர்களுடைய பற்கள் எல்லாம் வெல்லப்பாகிலும் புகையிலையிலும் என்றோ கரைந்து போயிருந்தன. தெராமே கொப்பரை கடித்து வளர்ந்தவன். தேங்காய் பறிப்பதுதான் தொழில் என்றாலும் அவன் மரம் ஏறுவதில்லை. அவனுடைய பெண் குரங்கு மெலோ ஏறும், அவன் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவான். கத்திக் கத்தியே பல் இறுகிவிட்டது என்பது ஊரார் கட்சி. ஒருநாள் பாச்சோக் சாலையில் நின்று அவன் கொட்டாவி விட்டபோது, எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஏதோ லாரியின் விளக்கு என்று ஒதுங்கி வாய்க்காலில் விழுந்தான் என்பார்கள். வாய்க்காலில் விழுந்தவனை நாலு பேர் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஆகவே அது பொய்யாக இருக்க முடியாது.

அந்தப் பல்லால்தான் எல்லாம் வந்தது.

தலைநகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் கிளந்தான் மாநிலத்து மலாய்ப் பேச்சின் ஓசைகளை எல்லாம் பிடித்து நூலாகப் போட முடிவு செய்தது. அந்த வேலையாக வந்தவள் ஸுரைனி. தெற்கே ஜோகூர்க்காரி, கண்ணாடி போட்டவள், மரியாதை தெரிந்தவள். ஊர்த் தலைவரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: இங்கேயே பிறந்து, வேறெங்கும் குடியிருக்காமல், பல் ஒன்றுகூட விழாமல் இருக்கும் வயதான ஒருவர் வேண்டும். பல் போன வாயில் ஓசை ஒழுகிவிடுமாம். தலைவர் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி தெராமே வீட்டைக் காட்டினார்.

"எனக்கென்ன வந்துச்சு, ரெண்டு நாள் தேங்கா வேல கெட்டுச்சு" என்று தெராமே வெளியே அலுத்துக்கொண்டான். உள்ளே அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் அவன் மனைவி செனிக்குக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பேச்சில் சொல்லுக்கு வால் கிடையாது. வெளியூர்க்காரர்கள் மாக்கான், ஆயாம், பிசாங் என்று சாப்பிடுவதற்கும் கோழிக்கும் வாழைப்பழத்துக்கும் வேறு வேறு வால் வைத்து முடிப்பதை, நாங்கள் மாக்கே, ஆயே, பிசே என்று மூக்கோரம் தடவி விட்டுவிடுவோம். ர, ல எல்லாம் கடைசியில் வந்தால் விழுங்கிவிடுவோம். வெட்டிய வாலின் எடையை வீணாக்குவதில்லை. தலையில் ஏற்றிவிடுவோம். சாலை என்றால் ஜாலே. அதே சொல்லின் முதல் ஓசையில் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்து ஜ்ஜாலே என்றால் நடந்து போவது. மனைவி என்றால் பினி, மனைவி உள்ளவன் ப்பினி. அவன் சுமக்கும் பாரம் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

சின்ன வயதில் தெராமேயின் பள்ளிக்கு ஓர் இன்ஸ்பெக்டர், அதாவது பள்ளி ஆய்வாளர், வந்தார். பாடம் வாசிக்கச் சொன்னார். வெளியாள் முன்னால் வாலோடு பேச வேண்டும் என்று தெராமேவுக்குத் தெரியும், ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்த வால் என்றுதான் தெரியாது. வீட்டில் எல்லாமே ஒரே மொட்டை. கோழியை ஆயாங் என்றான். வாழைப்பழத்தை பிசாம் என்றான். வகுப்பே சிரித்தது. ஆய்வாளர் கோபிக்கவில்லை. "இந்த வாயை வைத்துக்கொண்டு நீ குரங்கோடுதான் பேச முடியும்" என்று அன்பாகத்தான் சொன்னார். மனுஷனுக்கு வாக்கு பலித்துவிட்டது.

அதே வாயைத் தேடிக்கொண்டு இப்போது பல்கலைக்கழகமே வந்திருக்கிறது. நூலில் ஏறிவிட்டால் அந்த ஆய்வாளர் இருக்கும் கல்லறைக்கே போய் வாசித்துக் காட்டலாம் என்பது தெராமேயின் எண்ணம். அதற்கு ஒரு தடை முளைத்தது. ஸுரைனி வந்து இறங்கிய அன்று சாயங்காலமே மேல்வரிசை முன்பல் இரண்டும் விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தன. அரசாங்க மருத்துவமனையில் வாயைத் திறந்து காட்டியபோது, மேலே பளபளப்புதான், வேர் முழுக்கச் சீழ், வியாழக்கிழமை பிடுங்கிவிடலாம் என்றார்கள். ஸுரைனி ஊர் திரும்புவதும் வியாழக்கிழமை. அதற்குள் வாயிலிருந்து எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். தெராமே இரண்டு பக்கமும் கிராம்பை அடக்கிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்று செனிக்கிடம் சத்தியம் வாங்கினான்.

"கன்னம் வீங்கினா என்ன சொல்லுவீங்க அபே?" என்றாள் செனிக், கணவனை எங்கள் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து.

"சந்தோஷத்துல பூரிச்சிருக்கேன்னு சொல்லு."

முதல் நாள் காலை ஸுரைனி கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்து கருவியை எடுத்து வைத்தாள். உள்ளங்கை அகலப் பெட்டி. காற்று இரைச்சல் நுழையாமல் இருக்க அதன் தலையில் சாம்பல் நிறத்தில் பொசுபொசுவென்று மயிர்த் தொப்பி. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு சாலைப் படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பக்சிக், இது என்ன?" என்றாள், மாமா என்று மரியாதையாக அழைத்து.

தெராமே நிமிர்ந்து உட்கார்ந்தான். கைகள் தாமாகத் தொடை மேல் போய் அமர்ந்தன. குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"இஃது ஒரு சாலை ஆகும்."

ஸுரைனி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "சரிதான் பக்சிக். ஆனா வீட்ல பேசுற மாதிரி சொல்லுங்களேன்."

"எங்கள் வீட்டிலும் இதனைச் சாலை என்றே அழைப்பது வழக்கம்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. செனிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கை நழுவிவிட்டது.

இது தெராமேயின் குற்றமில்லை. வெளியாள் படி ஏறினால் நாங்கள் சட்டை மாட்டிக்கொள்வதுபோல வெளிப்பேச்சையும் மாட்டிக்கொள்வோம். அது மரியாதை. எங்களுக்குள் ஒருவன் அதைப் பேசினால் "என்னடா, மந்திரி ஆயிட்டியா?" என்று தோலை உரித்துவிடுவோம். வெளியாளிடம் ஒருவன் உள்பேச்சுப் பேசினாலோ, கைலி அவிழ்ந்ததைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இதை எவரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தும்மல் வருவதுபோல வந்துவிடும். தெராமேயோ ஆய்வாளரிடம் சூடுபட்ட பூனை வேறு.

மதியம் வரை ஸுரைனி படம் காட்டினாள். அவன் செய்தி வாசித்தான். களைத்துப்போய் அவள் பொத்தானை அணைத்ததும்,

"அடச்சே! இந்தச் செவப்பு வெளிச்சம் கண்ணுல ஊசியா குத்துது. அடியே செனிக், காப்பி போட்டியா, இல்ல கடலுக்குப் போயி தண்ணி மொண்டாறியா?" என்று தெராமே பொரிந்து தள்ளினான். ஸுரைனி காத்துக் கிடந்த எடையெல்லாம் சொல்லுக்குச் சொல் முதல் எழுத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் பாய்ந்து பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு எரிந்தது.

"காப்பி மிகவும் சுவையாக உள்ளது" என்றான் தெராமே. காப்பி இன்னும் வரவே இல்லை.

மறுநாள் ஸுரைனி விளக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தாள். இன்னொரு தந்திரமும் வைத்திருந்தாள். தானே எங்கள் பேச்சைப் பேசிவிடுவது. இராத்திரி விடுதியில் கண்ணாடி முன் நின்று பழகியிருப்பாள் பாவம்.

"பக்சிக்கு, நேத்திக்கி என்னா தின்னீக?" என்றாள். எங்கள் பேச்சு மாதிரியும் இருந்தது, படகு பழுது பார்க்கிற சத்தம் மாதிரியும் இருந்தது.

தெராமேவுக்கு மனம் இளகிவிட்டது. விருந்தாளிப் பெண் இவ்வளவு சிரமப்படுகிறதே, அதன் சிரமத்தைக் குறைக்க வேண்டாமா? தன்னிடம் இருந்ததிலேயே மிகச் சுத்தமான, கஞ்சி போட்ட வெளிப்பேச்சை எடுத்தான்.

"நேற்றைய தினம் நாங்கள் சோறும் மீனும் உட்கொண்டோம். தாங்கள் இவ்வளவு வருந்த வேண்டாம், மகளே."

அவள் மேலும் கஷ்டப்பட்டாள். அவன் மேலும் உதவினான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டில் செனிக் வைத்த புடு என்னும் மீன்சாறு வாடையில் ஸுரைனிக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுகிறாளோ என்று தெராமே பயந்து போனான்.

அன்று சாயங்காலம் செனிக்கின் தம்பி ஜுசோ வாய்க்காலின் அக்கரை ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தான். ஜுசோவின் பல் அரசாங்க மருத்துவமனையில் கட்டியது, பேச்சுக்கு இடையிடையே டக் டக்கென்று தாளம் போடும்.

"என்ன மச்சான், இன்னும் சுதந்திர தினச் சொற்பொழிவு முடியலையா?"

"போடா, பல்லு இல்லாதவனுக்குப் பேச்சு என்ன?"

"எனக்கா பல்லு இல்ல? சர்க்காரே குடுத்த பல்லு! ஒன்னோடது வெறும் தனியார்." ஜுசோ ஸுரைனி பக்கம் திரும்பிச் சட்டென்று குரலை மாற்றினான். "அம்மையே, எங்கள் கரையில் ஒரு பெரியவர் உள்ளார். பற்கள் யாவும் உண்டு. அவரை அழைத்து வரட்டுமா?"

ஸுரைனி தயங்கினாள். "இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே" என்றாள். அந்த ஒரு நாள் தெராமேயின் பல்லில் போய் இடித்தது. அவன் சிரித்து வைத்தான். கிராம்பு வெளியே விழுந்துவிடாமல் சிரிப்பது சுலபமில்லை.

புதன்கிழமை காலையில் செனிக்தான் வழி சொன்னாள். "நீங்க வெளியாளப் பாத்தாத்தான் ஒளறுறீங்க. அந்தப் பொண்ணு கெணத்தடிக்குப் போகட்டும். கருவி மட்டும் அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கட்டும். நீங்களும் நானும் எப்பவும்போலப் பேசுவோம். சண்ட போடத் தெரியாதா நமக்கு?"

நல்ல யோசனை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்களுக்கு அதில் பஞ்சமே இருந்ததில்லை. ஸுரைனி பொத்தானை அழுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். தெராமே அரிசிப் பானையைப் பார்த்தான். செனிக்கும் பார்த்தாள். அரிசிப் பானை இரண்டு பேரையும் பார்த்தது.

செனிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"கணவர் அவர்களே, தாங்கள் காப்பி அருந்துகிறீர்களா?"

தெராமே அதிர்ந்துபோனான். "அடிப்பாவி" என்று நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தது வேறு. "மிக்க மகிழ்ச்சி, மனைவியே. சர்க்கரை சிறிதளவு போதும்."

"கோழிகளுக்குத் தீனி இட்டீர்களா?"

"இட்டேன். ஆயாங்குகள் யாவும் நலமாக உள்ளன."

பழைய கோழி, பழைய வால். முன்பல்லைவிடச் சுரீரென்று குத்தியது. செனிக் தலைத்துணி நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். தெராமே எழுந்து போய்த் தூணை எட்டி உதைத்தான், சத்தம் வராமல்.

கிணற்றடியிலிருந்து திரும்பி வந்து காதில் மாட்டிக் கேட்டாள் ஸுரைனி. கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தாள். மாட்டினாள். மறுபடியும் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட தெராமேவுக்கு ஆறியிருக்கும்.

"தோப்புக்கு வா" என்று சொல்ல நினைத்து, "தாங்கள் தோப்புக்கு வருகை தர வேண்டும்" என்றான். "மெலோவிடம் என்னால் வெளிப்பேச்சு இயலாது. அது படிக்காத குரங்கு."

வியாழக்கிழமை காலையில் தோப்புக்குப் போனார்கள். இரவெல்லாம் தூங்காத தெராமேயின் மேலுதடு கொஞ்சம் தடித்திருந்தது. மத்தியானம் மருத்துவமனை. ஸுரைனி காரில் பெட்டியை ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஜுசோ கூப்பிடாமலே வந்து ஒரு மட்டையைப் போட்டு உட்கார்ந்தான். அக்கரைப் பெரியவரை வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னான்.

மெலோ மரத்தடியில் உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. ஸுரைனி பொத்தானை அழுத்திக் கருவியை நீட்டிப் பிடித்தாள். தெராமே கயிற்றை அவிழ்த்தான். பத்து வருஷமாகச் சொல்லி வரும் சொல். தலையில் எடை ஏற்றி ஒரு போடு போட்டால் மெலோ பாதி மரம் ஏறியிருக்கும்.

"மெலோர்" என்றான். ஆயுசில் முதல் தடவையாக அதன் பெயருக்கு வால் முளைத்தது. "தயைகூர்ந்து மேலே ஏறுக."

குரங்கு திரும்பிப் பின்னால் பார்த்தது. வேறு ஏதாவது குரங்கு நிற்கிறதோ என்று. யாருமில்லை. மறுபடியும் தெராமேயைப் பார்த்தது. உடம்பு சரியில்லாத ஆளைப் பார்க்கிற பார்வை.

ஜுசோ மட்டையிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். சிரித்ததில் மேல்செட்டுப் பல் புல்லில் விழுந்தது. "மச்சான், அதுக்கு மொதல்ல அழைப்பிதழ் அனுப்பு!" என்றான் பொக்கையாய்.

"மெலோர், முற்றிய காய்களை மட்டும்..." என்று தெராமே ஆரம்பித்தான். பல் தெறித்தது. வாய் அவனுடையது, நாக்கு அவனுடையது, ஆனாலும் கல்லறையில் கிடக்கும் ஓர் ஆய்வாளர் உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

ஸுரைனி பெருமூச்சு விட்டு, கருவியை மரத்தடியில் வைத்துவிட்டு, பாலத்துப் பக்கம் பார்த்தாள்.

மெலோ அந்த மயிர்த் தொப்பியைப் பார்த்தது. சாம்பல் நிறம், பொசுபொசுப்பு, குட்டியின் அளவு. பெண் குரங்கு அல்லவா. சட்டென்று வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டது. தெராமே சுதாரிப்பதற்குள் கயிறும் கையை அறுத்துக்கொண்டு போயிற்று. அது சாதாரண மரம் இல்லை. உச்சியில் உட்கார்ந்து பார்த்தால் சயாம் தெரியும் என்பார்கள்.

அப்போதுதான் தெராமேயின் வாய் திறந்தது.

"ஏய் மெலோ! எறங்குடி! முழங்கால்ல மூள வெச்சவளே, அது ஒம் புள்ள இல்லடி! பல்கலைக்கழகத்துச் சாமான்டி! கீழ போட்ட, ஒன் வாலப் புடிச்சு அக்கரைக்கி வீசிருவேன், அங்க ஜுசோவோட கல்யாணம் கட்டிக்க! ஆமாண்டா ஜுசோ, ஒன்னத்தான்! சர்க்கார் பல்லாம் சர்க்கார் பல்லு, கெணத்துல விட்டா தவளகூட மாட்டிக்காது அந்தப் பல்ல! நாலு நாளா என் உயிர வாங்குதுங்க. இந்த ஜோகூர்ப் பொண்ணு பொட்டியில பூன வாலக் கட்டிக்கிட்டு வந்து, இது என்ன, அது என்னன்னு கொடையுது! புடு வாடைக்கே கண்ணு கலங்குறவ, எங்க பேச்சப் பேச வந்துட்டா! அதுக்கு மேல இந்தப் பல்லு! புடுங்கப் போறானுவ இன்னிக்கி, புடுங்கிட்டு என்ன மயித்தப் பேசுவேன் நான்? அந்த இன்ஸ்பெக்டரு, அவன் கல்லறையில புல்லு மொளைக்க! கோழி! கோழி! கோழி! ஆயே! கேட்டுக்க! ஆயே! எறங்குடி மெலோ!"

ஒவ்வொரு சொல்லும் வால் இல்லாமல், தலை கனத்து, பாறாங்கல் உருள்வதுபோல் தோப்பெல்லாம் உருண்டது. அந்தச் சத்தத்தில் பறிக்காமலே ஏழெட்டுக் காய் விழுந்தது. பாலத்தில் நின்ற அக்கரைப் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். மெலோவுக்கும் இப்போதுதான் எஜமான் குணமாகிவிட்டான் என்று நிம்மதி. சறுக்கிக்கொண்டு இறங்கி வந்து, "குட்டியை" பத்திரமாக ஸுரைனி மடியில் வைத்தது.

பிளாஸ்டருக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஸுரைனி காதில் மாட்டிக் கேட்டாள். முகம் சிவந்தது, பிறகு மலர்ந்தது, பிறகு இன்னும் சிவந்தது. விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் இருக்கு பக்சிக். மூக்குல போற ஓசை, தொண்டையில நிக்கிற ஓசை, மொத எழுத்து அழுத்தம், எல்லாமே. இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்ல."

தெராமே வாங்கித் தன் காதில் வைத்தான். கேட்கக் கேட்க அவன் தலை கீழே போயிற்று. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கருவியைப் பூனைவால் என்றிருக்கிறான். இறந்தவர் கல்லறையில் புல் முளைக்கச் சொல்லியிருக்கிறான். நூலில் ஏற வேண்டும் என்று நினைத்தது இந்த வாயையா? கேட்டது கிடைத்துவிட்டது, கையில் பிடிக்கத்தான் முடியவில்லை.

"அழித்துவிடுங்கள்" என்றான் மெதுவாக. "நான் மறுமுறை நன்முறையில் உரைக்கிறேன்."

"பக்சிக், வேண்டாம்!" என்று ஸுரைனி அலறிவிட்டாள். நாலு நாள் அடக்கிய அலறல். பிறகு குரலைத் தணித்தாள். "நாலு நாளா மரியாதையா என்னை வாசல்லயே நிக்க வெச்சீங்க. இன்னிக்குத்தான் வீட்டாளத் திட்டுற மாதிரி திட்டினீங்க. அதைப் போய் அழிக்கச் சொல்றீங்களே."

தெராமே பிடி விடவில்லை. அழிக்கத்தான் வேண்டும் என்று நின்றான். அந்த நேரம் பார்த்து ஜுசோ புல்லிலிருந்து பல்லைத் தேடி எடுத்து, ஊதி, மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"அழிக்கணும்! கண்டிப்பா அழிக்கணும்! என் பல்லத் தவள மாட்டாதுன்னு சொன்னது பல்கலைக்கழகத்துல கெடக்கணுமா? படிக்கிற புள்ளைங்க வருஷா வருஷம் போட்டுக் கேக்கணுமா?"

தெராமே மெல்ல நிமிர்ந்தான்.

"வருஷா வருஷம் போட்டுக் கேப்பாங்களா?" என்று ஸுரைனியைக் கேட்டான். கேட்டது உள்பேச்சில் என்பதை அவனும் கவனிக்கவில்லை, அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆமா பக்சிக். ஒவ்வொரு வருஷமும்."

"அழிக்காத. இருக்கட்டும்."

சம்மதத்தைக் குரலில் சொல்ல வேண்டுமாம், சட்டம் அப்படி. ஸுரைனி கருவியை நீட்டினாள். தெராமே தலைத்துண்டைச் சரி செய்தான். கைகள் தொடைக்குப் போயின. ஒலிப்பதிவைக் குறிக்கும், ராக்கமான் என்று முடிய வேண்டிய சொல்லுக்கு, கோழிக்கு வைத்த அதே வாலை வைத்தான்.

"இந்த ராக்கமாங்கிற்கு நான் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். நன்றி. வணக்கம்."

ஸுரைனி திருத்தவில்லை. அவளே காரில் ஏற்றிப்போய் அவனை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டாள்.

பல் போயிற்று. வீக்கம் வடிந்தது. ஒரு வாரம் கழித்து தெராமே தோப்புக்குப் போய் மரத்தடியில் நின்று கத்தினான். எடை ஏறவில்லை. நாக்கு முட்டி நிற்க வேண்டிய இடத்தில் சுவரே இல்லை. அழுத்திப் பிடிக்கப் போனால் காற்று புஸ்ஸென்று ஒழுகியது. மெலோ காதைத் தீட்டிக் கேட்டது, வயிற்றைச் சொறிந்தது, உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தெராமே தென்னையை முட்டிக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தில் பேசியது மனுஷனுக்குப் புரியவில்லை. இப்போது குரங்குக்கும் புரியவில்லை. ஆய்வாளர் சொன்னதில்கூட இனி அவனுக்கு இடமில்லை.

செனிக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸுரைனி அதில் அந்தக் குரலை அனுப்பியிருந்தாள். செனிக் ஒலியை உச்சத்துக்கு வைத்து அழுத்தினாள்.

"ஏய் மெலோ!" என்றது பெட்டி, முழுப் பல்லோடு.

குரங்கு மின்னல் மாதிரி மரம் ஏறியது.

இப்போதும் தெராமே அப்படித்தான் தேங்காய் பறிக்கிறான். ஒரு கையில் கயிறு, மறு கையில் கைப்பேசி. ஏறு, இறங்கு என்று தனித்தனியாக வெட்டியெடுக்க அவனுக்கும் தெரியாது, செனிக்குக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் முழுத் திட்டும் முதலிலிருந்து ஓடும். "எறங்குடி" என்று பெட்டி கத்தும்போதெல்லாம் மெலோ ஏறுகிறது. இறக்குவதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை, பசித்தால் தானே வருகிறது. ஜுசோவின் பல் ஒரு நாளைக்கு நாற்பது மரத்தடியில் வசவு வாங்குகிறது. அவன் வாய்க்காலைத் தாண்டுவதையே விட்டுவிட்டான்.

"என் வாய நம்பாம அந்தப் பொட்டிய நம்புது பாரு" என்று தெராமே ஒழுகுகிற வாயால் தினமும் புலம்புவான்.

"அதுவும் ஒங்க வாய்தான அபே" என்பாள் செனிக்.

"என் வாயின்னா எனக்குல்ல கட்டுப்படணும்!"

"என்னைக்குக் கட்டுப்பட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, செனிக் அடுத்த மரத்துக்காகப் பொத்தானை அழுத்துவாள்.